காக்கி மேல் அடை

தையல்காரரின் கோழி அடைக்கு உட்கார்ந்த கூடையில் போலீஸ்காரரின் புதுக் காக்கிக் கால்சட்டை இருந்தது. தையல்காரர் கவனித்தபோது காரியம் கைமீறியிருந்தது.

"முட்டை ஓடு விரிசல் விட ஆரம்பிச்சிருக்கு சார். இப்ப கோழியை எழுப்பினா குஞ்சு தங்காது," என்றார், கால்சட்டையை வாங்க வந்த போலீஸ்காரரிடம்.

"கோழிக்கு நான் பயப்படணுமா?" என்று போலீஸ்காரர் கூடைக்குள் கையை விட்டார். சுரீரென்று ஒரு கொத்து விழுந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

அப்போது ஜன்னலில் ஒரு பூனை வந்து, கூடையையே பார்த்தபடி உட்கார்ந்தது. போலீஸ்காரர் முக்காலியை இழுத்துப் போட்டு, லத்தியோடு காவல் இருந்தார்.

சாயங்காலத்துக்குள் குஞ்சுகள் எல்லாம் பொரிந்து, தாயின் இறக்கைக்குள் புகுந்துகொண்டன. தையல்காரர் கால்சட்டையை மெல்ல உருவப் போனார்.

"விடுங்க, அதுங்களுக்குக் கதகதப்பா இருக்கட்டும்," என்றார் போலீஸ்காரர். "அந்தப் பூனை முழியே சரியில்லை. நாளைக்கும் வரேன்."