வலது முழங்கை

சட்டை ஏன் வலது முழங்கையில் மட்டும் கிழிகிறது என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. அவள் இடதுகைக்காரி. கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பதும் வீட்டில் காய் நறுக்குவதும் இடது கைதான். புருஷன் இறந்துபோனபின், வீட்டில் இருக்கும்போது மட்டும் அவனுடைய அந்த நீலச் சட்டையை மேலே போட்டுக்கொள்வாள். அவ்வளவுதான் அதற்கு வேலை.

அதைவிட விசித்திரம், ஒட்டுப் போட்ட இடம் கிழிவதில்லை. அதன் பக்கத்தில் கிழிகிறது. புதிதாக வாங்கிய முரட்டுத் துணி, நெருக்கமான மெஷின் தையல். ஒட்டு கல்லுமாதிரி நிற்க, சுற்றியிருந்த துணி வாய் பிளந்தது.

“யாரோ உள்ளேயிருந்து பிய்க்கிற மாதிரி இருக்குடி,” என்றாள் நாத்தனாரிடம். அவனுடைய தங்கை, கூடவே இருப்பவள்.

“இருந்தப்பவே எங்கண்ணனுக்கு ஒரு சட்டையை ஒழுங்கா வச்சுக்கத் தெரியாது. போயும் திருந்தலையா?” நாத்தனார் சிரித்தாள். பிறகு சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். “அண்ணி, இதுதான் கடைசி. இன்னொரு தடவை கிழிஞ்சா தரை துடைக்கப் போட்டுடணும். பேச்சு மாறக் கூடாது.”

சரி என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் சட்டையை மேசைமேல் விரித்தாள். எல்லாம் தட்டையாகப் படிந்தது, அந்த முழங்கையைத் தவிர. நீவிவிட்டாள். உள்ளே ஒரு கை மடங்கிக் கிடப்பதுபோல மறுபடி எழும்பியது. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் மடங்கினால் இழைகள் நீண்டு அந்த வடிவத்தையே பிடித்துக்கொள்ளும். தெரிந்த விஷயம்தான். இருந்தும் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

போட்டுப் பார்த்தே யோசிக்கலாம் என்று அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

டீயோடு வந்த நாத்தனார் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். டம்ளர் தளும்பியது.

“என்னடி?”

“அண்ணன்னு நெனச்சுட்டேன், அண்ணி.”

குனிந்து பார்த்தாள். வலது முழங்கை மேசையில் ஊன்றியிருந்தது. கன்னம் உள்ளங்கையில். அவனுடைய நாற்காலி, அவன் உட்காரும் விதம்.

“நான் எப்பலேர்ந்து இப்படி உக்கார்றேன்?”

“இந்தச் சட்டையப் போட்டா இப்படித்தான் உக்கார்றீங்க. பயப்படுவீங்கன்னு சொல்லல.”

கையை எடுக்க நினைத்தாள். எடுக்கவில்லை. ஊன்றியபடியே இன்னும் கொஞ்சம் அழுத்தி, துணியைக் கவனித்தாள். நைந்த பழந்துணி இழுப்புக்கு இளகிக் கொடுத்தது. முரட்டு ஒட்டு கொடுக்கவில்லை. அது தாங்க மறுத்த இழுப்பெல்லாம் ஓரத்துத் தையலில் போய் விழுந்தது. அங்கேதான் ஊசித்துளைகள் ஒரே வரிசையாக, கிழித்துக்கொள் என்பதுபோல் இருந்தன.

“பிய்ச்சது உங்கண்ணன் இல்லடி. நான் போட்ட ஒட்டு.”

ஒட்டைப் பிரித்தாள். அத்தனை சலவையிலும் கூடவே தோய்ந்து மெத்தென்றாகிவிட்ட துணியைச் சட்டையின் பின்பக்க அடிநுனியிலிருந்தே வெட்டினாள். நைந்த இடத்தைத் தாண்டித் தெம்பான துணிவரை அதை வைத்து, கையாலேயே, ஒற்றை நூலில், தளர்வாகத் தைத்தாள். தையல் முனைகள் ஒரே கோட்டில் விழாதபடி ஏற்றியும் இறக்கியும் விட்டாள். பிறகு சட்டையைப் போட்டு முழங்கையை ஊன்றினாள். ஒட்டும் சட்டையும் சேர்ந்தே இழுபட்டன. கிழியவில்லை.