ஒரு பேச்சுக்குக் கூப்பிட்ட கடல்

தார்ப்பாய் தைப்பவரும் அவர் மனைவியும் மலைக்குப் போய்க் கூடாரம் அடித்த மறுநாள் காலை, கடல் அவர்கள் பின்னாலேயே அங்கு வந்து சேர்ந்திருந்தது. கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து தலையை நீட்டிய கணவர், மரங்களுக்கு நடுவே அலை அடிப்பதையும், ஒரு மீன்பிடிப் படகு பாறையில் மெல்ல இடித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்தார். மனைவியைத் தட்டி எழுப்பி, "உன் ஆளு வந்திருக்கு" என்றார். படகில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு மீனவர்கள் எழுந்து, மலையைப் பார்த்து, ஒருவரை ஒருவர் பார்த்து, காபி கிடைக்குமா என்று கேட்டார்கள். அந்த அம்மாவும் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்.

தப்பு அந்த அம்மாவுடையதுதான். துறைமுகத் தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருந்த அவருக்கு, கையில் கத்தரிக்கோல் இருக்கும்வரை வாயும் சும்மா இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்தவர்களை எல்லாம் "ஒருநாள் வீட்டுக்கு வாங்களேன்" என்பார். வீடோ தெருவின் கடைசி வீடு, படி இறங்கினால் மணல். யார்தான் வராமல் இருப்பார்கள்? பல் டாக்டர் குடும்பத்தோடு வந்தார். வழி கேட்க வந்த கப்பல் சமையற்காரர் மழைக்காலம் முடியும்வரை தங்கினார். தார்ப்பாய் தைப்பவர் மிச்சத் துணியில் படுக்கை தைத்துத் தைத்து அலுத்துப்போய்த்தான், மனைவியோடு தனியாக இருக்க ஒரே வழி ஊரைவிட்டு ஓடுவது என்று முடிவு செய்து, கூடாரமும் சின்ன அடுப்பும் வாங்கினார். கிளம்பும்போது கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிய மனைவி, கடல் கடைசிப் படியை நனைத்துக்கொண்டு தங்களையே பார்த்தபடி கிடப்பதைக் கண்டார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவது எப்படி? "நாங்க மலைக்குப் போறோம், நீயும் வாயேன்" என்றார், ஒரு பேச்சுக்கு. மனுஷராக இருந்தால் "இருக்கட்டும், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லியிருப்பார்கள். கடலுக்கு யாரும் அதெல்லாம் சொல்லித் தந்ததில்லை.

மறுநாள் காலை எங்கள் ஊர் விழித்தபோது துறைமுகத்தில் சேறுதான் இருந்தது. நண்டுகள் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றன. கலங்கரை விளக்கக்காரர் யாருக்காக விளக்கேற்றுவது என்று கேட்டு வேலையை விட்டுவிடப் பார்த்தார். துறைமுக அதிகாரி சைக்கிளை எடுத்துக்கொண்டு ஈரத் தடத்தைப் பிடித்தே மலைக்குப் போய், இருவரையும் கையோடு கூட்டிவந்தார். அவர்கள் பஸ்ஸில் வந்தார்கள். கடல் பின்னால் வந்தது, பஸ் நின்ற இடங்களில் எல்லாம் தானும் நின்றது. அதன் பிறகு ஏரிக்கரைக்குப் போனாலும் காட்டுக்குப் போனாலும் அப்படித்தான். ஒருமுறை கூப்பிட்டதை எப்போதைக்குமான அழைப்பாக அது எடுத்துக்கொண்டது. தார்ப்பாய் தைப்பவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எங்களுக்குன்னு ரெண்டு நாள் வேணாமா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். கடல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. அலையே இல்லை, கழுவி வைத்த தட்டு மாதிரி தட்டையாக, கரைக்கு எட்டாத தூரத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. மனைவி சேற்றில் நடந்துபோய்க் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவர வேண்டியதாயிற்று. அன்றோடு, அந்தத் தம்பதி ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். அவர்களும் கூடாரத்தை மொட்டைமாடியில் அடித்துப் படுத்து, அதையே வெளியூர் என்று வைத்துக்கொண்டு வருஷங்களை ஓட்டினார்கள்.

அவர்களைப் பார்க்க வேண்டியவர்கள்தான் எங்கள் ஊருக்கு வரவேண்டும் என்று ஆனபிறகு, ஒரு வருஷமும் தவறாமல் வந்தவர் ஒருவர்தான். மனைவியோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழி, கடலே இல்லாத ஊரில் பேக்கரி நடத்துபவர். கோடை விடுமுறைக்குப் பஸ் ஓட்டுநரான தன் கணவரையும் ஒரு மூட்டை ரொட்டியையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஆண்கள் இருவரும் மொட்டைமாடியில் சீட்டாடுவார்கள். பெண்கள் கடைசிப் படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, ஆண்களைப் பற்றி ஆண்களுக்குக் கேட்கிற மாதிரியே பேசுவார்கள். கடல் அடங்கி ஒடுங்கிக் கேட்கும். பேச்சு சூடு பிடிக்கும்போது இன்னும் ஒரு படி ஏறி வரும். "உனக்கென்ன இங்க வேலை, பெரியவங்க பேசுற இடத்துல?" என்று தோழி அதட்டினால் இறங்கிவிடும். வேறு யார் அதட்டியும் அது இறங்கி நாங்கள் பார்த்ததில்லை.

ஒரு வருஷம் தோழி வரவில்லை. மாவு மூட்டை தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. "இனிமே என்னால படி இறங்க முடியாதாம்டி. நீயாவது ஒரு தடவை வா" என்று போனில் சொன்னவர், அப்படியே அதைக் கணவரிடம் கொடுத்துவிட்டார். சரியாகச் சாப்பிடுவதில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள் என்றார் அவர். அந்த அம்மா கடையைப் பூட்டிவிட்டு நேராக அதிகாரியிடம் போனார். அதுவோ மீன் அள்ளும் காலம். "நீங்க போறதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. உங்க பின்னாடியே ஒண்ணு கிளம்புமே, அதுக்கு நான் ஊருக்கு என்ன பதில் சொல்றது?" என்றார் அதிகாரி. அந்த அம்மா அழுதார். ஊரில் பாதிப்பேர் தலை அவர் கையில் குனிந்திருக்கிறது; அவர் அழுது ஒருவரும் பார்த்ததில்லை. அதிகாரி மேஜை மேலிருந்த முத்திரையை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். கடைசியில், கடலிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, அது பார்க்கக்கூடாது, இரண்டுக்கும் சம்மதமென்றால் போகலாம் என்றார்.

ஊரே சேர்ந்து கடலை ஏமாற்றியது. நீர் வற்றி உள்வாங்கியிருந்த நேரமாகப் பார்த்து மீனவர்கள் படகுகளைத் தள்ளிக்கொண்டு போய் அதைச் சுற்றி நின்று, வலை விலையையும் மருமகன்களையும் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். கணவனும் மனைவியும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டார்கள்.

மூன்றாவது மாடியில் தோழி பாதியாக இளைத்துக் கிடந்தார். இருவரும் கட்டிக்கொண்டார்கள், அழுதார்கள், கணவர்களைத் திட்டினார்கள். அப்புறம் தோழி கேட்டார். "அது எப்படி இருக்கு?"

"நல்லாதான் இருக்கு. சொல்லாம வந்துட்டேன்."

தோழி "ம்" என்றார், அவ்வளவுதான். மெல்ல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வழியில் வருவோர் போவோரை எல்லாம் வா வா என்று கூப்பிட்ட வாய், கூப்பிட வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டதே என்று அந்த அம்மா தன்னையே நொந்துகொண்டார். ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்தால் போதும், வந்துவிடும். ஆனால் ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார். தோழி அன்று ஒரு வாய் கஞ்சிக்குமேல் குடிக்கவில்லை.

அடுத்த நாள் காலை கதவுக்கு வெளியே யாரோ தயங்கி நிற்கிற மாதிரி சத்தம் கேட்டு ஓட்டுநர் போய்த் திறந்தார். கடல் நின்றது. மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறி வந்த களைப்பில் கொஞ்சம் நுரை தள்ளியிருந்தது. அத்தனை வருஷம் அதன் கரையில் சீட்டாடிய மனிதருக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "உள்ள வா" என்றார். அது நாற்காலிகளை இடிக்காமல் கூடத்தைக் கடந்து, கட்டிலின் ஓரத்துக்குப் போய் நின்றது. தோழி திரும்பினார். இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் கணுக்கால்வரை வந்தது. "மூணு மாடி ஏறி வந்திருக்கியே, மூளை இருக்கா உனக்கு?" என்று அதட்டினார். ஆனால் இந்த முறை அது இறங்கவில்லை. தோழியும் இறங்கச் சொல்லவில்லை. அன்று மத்தியானம் அவர் இரண்டு ரொட்டி சாப்பிட்டார்.

படகுகளும் கடலோடு போயிருந்ததால் எங்கள் மீனவர்கள் தோழியின் தெருவிலேயே மீன் பிடித்து அங்கேயே விற்றார்கள், குறையொன்றும் இல்லை. கீழ்வீட்டுக்காரர் மட்டும் துணி காயவில்லை என்று முணுமுணுத்தார். கடலுக்கு யார் சொன்னது என்று ஊரில் விசாரித்தபோது எல்லோரும் கையை விரித்தார்கள். பிற்பாடுதான் வெளியே வந்தது. தம்பதி போன அன்று சாயங்காலம் துறைமுக அதிகாரி கடற்பாலத்தின் முனைவரை நடந்துபோய், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நீ போகலையா?" என்று கேட்டிருக்கிறார். ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன் என்று அசடு வழிந்தார்.

விடுமுறை முடிந்து தம்பதி பஸ்ஸில் திரும்பி வந்தார்கள், கடலும் வந்தது. ஆனால் முழுசாக வரவில்லை. துறைமுகச் சுவரில் தண்ணீர் முன்பு தொட்ட கோட்டுக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது. அந்த ஒரு சாண் மூன்றாவது மாடியில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அதிகாரி பெயின்ட் டப்பாவோடு வந்து, பழைய கோட்டை அழித்துவிட்டு ஒரு சாண் கீழே புதுக் கோடு போட்டார். பெயின்ட் காய்வதற்குள் அலை வந்து தொட்டுவிட்டுப் போனதால், அந்தக் கோடு மட்டும் இன்றைக்கும் கொஞ்சம் கலைந்திருக்கும்.