குப்பைத் தொட்டியில் கிடந்த இரண்டாவது கோடு

மூன்றாம் மாடித் தையற்காரிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். "விசேஷம் உண்டா?" என்று கேட்டவர்களுக்கு வாய் வலிக்கவில்லை; அவளுக்குத்தான் காது வலித்தது.

இந்த மாசம் நாள் தள்ளிப் போய் நான்கு நாள். காலையில் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, கர்ப்பம் பார்க்கும் கிட்டில் சொட்டு விட்டு, ஐந்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரே கோடு. அழுகைகூட வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே. இதுதான் கடைசி என்று முடிவு கட்டி, காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பட்டன் வைக்க உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனாருக்குத்தான் குப்பையில்கூட ஒரு கண் இருக்குமே. மத்தியானம் தொட்டியைக் கிளறியவள் போட்ட கூச்சலில் மாடிப்படியெங்கும் தலைகள் முளைத்தன.

"அண்ணி! ரெண்டு கோடு! அழுத்தக்காரி, எங்ககிட்டயே மறைச்சீங்களா?"

"அது காய்ஞ்சப்புறம் விழுற கோடுடி. அஞ்சு நிமிஷம் தாண்டினா கணக்கே இல்லைன்னு அட்டையிலயே போட்டிருக்கான்."

"கோடு கோடுதானே? அதுக்கென்ன ஆபீஸ் நேரமா?"

மாமியார் வந்து மெஷினை மூடினாள். "நீ போய்ப் படும்மா" என்றாள். ஏழு வருஷத்தில் அந்த வாயிலிருந்து வந்த முதல் 'படும்மா'. தையற்காரிக்குப் பயமாகிவிட்டது. நாளைக்கு இல்லையென்று ஆனால் இதே வாய் என்ன சொல்லும்?

சாயங்காலமே நாத்தனாரை இழுத்துக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்குப் போனாள். "இல்லைன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க சார். இவங்க வாயை அடைக்கணும்."

ஒரு மணி நேரம் கழித்து லேப்காரர் தாளோடு வந்தார். "அப்படி எழுத முடியாதும்மா. ரத்தத்துல கர்ப்ப ஹார்மோன் அஞ்சுக்குக் கீழே இருந்தா இல்லை. இருபத்தஞ்சைத் தாண்டினா உண்டு. உங்களுக்குப் பதினொண்ணு."

"அப்படின்னா?"

"இப்போதைக்கு ரெண்டுல எதையும் சொல்ல முடியாது. ரெண்டு நாள் கழிச்சு வாங்க. அளவு ஏறுதான்னு பார்க்கலாம்."

நாத்தனார் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையற்காரி பெஞ்சியில் தொப்பென்று உட்கார்ந்தாள். 'இல்லை'யைத் தூக்கிச் சுமந்து பழகிய உடம்பு அது. இனி ரெண்டு நாள் ஆசைப்பட வேண்டும். நினைக்கும்போதே இடுப்பு வலித்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதேடி."

"சொல்றதுக்கு நம்ம கட்டடத்துல யார் பாக்கி அண்ணி?"

தையற்காரிக்குச் சிரிப்பு வந்தது. எழுந்திருக்கத்தான் மனசில்லை.