பூசணியின் மற்றக் கண்

அப்பாவின் உடலை ஏற்றிய வாகனம் கனடாவின் லவால் நகரில் முதல் சிவப்பு விளக்கைத் தாண்டுவதற்குள், லண்டனில் இருந்த றூபன் முகப்புத்தகத்தில் ‘ஒரு சகாப்தம் சரிந்தது’ என்று போட்டுவிட்டான். பிரியந்தி வாசற்கதவைச் சாத்திவிட்டுத் தம்பியின் பதிவைப் பார்த்தாள். அந்தச் சகாப்தம் இருபத்திரண்டு வருடம் டோர்வல் விமான நிலையத்தில் விமானக் கழிப்பறைகளைக் கழுவியது. அதை அவன் எழுதவில்லை.

படம் போன வருடத்து ஹலோவீனுடையது. அப்பா பத்திநாதர், தான் வெட்டிய பூசணிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். ஒவ்வொரு ஒக்டோபரும் அப்பா இங்கே பூசணியில் ஒரு முகம் வெட்டுவார், மகன் அங்கே ஒன்று, வீடியோவில் காட்டிக்கொள்வார்கள். நடுவரும் அப்பாதான். வென்றது எப்போதும் றூபன். பூசணி வாங்குவது, தூக்குவது, விதை தோண்டுவது, தொலைபேசியை ஆடாமல் பிடிப்பது பிரியந்தியின் இலாகாக்கள்.

“கொஞ்சம் மேல பிடி பிள்ளை, தம்பியின்ர முகம் தெரியேல்லை.”

அந்தச் சிரிப்புக்கு ஒரு முழம் தள்ளி நின்றவள் அவள். சிரிப்பு அவளைத் தாண்டிப் போனது.

நேற்றுப் பின்னேரம் இந்த வருடத்துப் பூசணியில் ஒரு கண்ணை மட்டும் வெட்டிவிட்டு, “மிச்சத்தை நாளைக்குத் தம்பி கோல் எடுக்கேக்க பாப்பம்” என்று படுத்தவர், காலையில் எழும்பவில்லை.

தொலைபேசி அடித்தது.

“அக்கா, அந்தப் பூசணியில கை வைக்காதேங்கோ. அது எனக்கும் அப்பாவுக்கும் உள்ள விசயம். சனிக்கிழமை வந்து நான் முடிக்கிறன். செத்தவீட்டில அப்பான்ர படத்துக்குப் பக்கத்தில வைப்பம்.”

“சனி மட்டும் இருக்காது. அழுகிப்போடும்.”

“பிரிட்ஜில வையுங்கோ.”

“இடமில்லை. அப்பான்ர இன்சுலின் கிடக்கு.”

“அது இனி என்னத்துக்கு?”

சொன்னபிறகுதான் அது அவனுக்கே கேட்டது. “சொறி அக்கா” என்று வைத்துவிட்டான்.

தாய் அல்போன்சம்மா செபமாலையை நிறுத்தினாள். “பாவம் தம்பி, அங்க தனியக் கிடந்து அழுறான்.”

“தனியவோ? பெண்சாதி, பிள்ளையள், மாமி, எல்லாரும் நிக்கினம் அம்மா.”

“எண்டாலும், அவன் தூரத்தில எல்லே.”

பதினொரு வருடம் இதே வீட்டில் இருந்தது பிரியந்தியின் பிழை.

அவள் மேசையில் இருந்து கத்தியை எடுத்தாள்.

“இண்டைக்கோ, பிள்ளை?” என்றாள் தாய்.

“இண்டைக்குத்தானே ஹலோவீன்.”

தொலைபேசி மறுபடி அடித்தது. அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு வெட்டினாள். மற்றக் கண் கோணலாக வந்தது, அப்பாவினுடையதைவிடப் பெரிது. வாயையும் வெட்டினாள். பற்கள் சரிவரவில்லை. இருட்டுப்படும்போது உள்ளே மெழுகுதிரி ஏற்றி வாசற்படியில் வைத்தாள்.

இனிப்புக் கேட்டு வீடு வீடாக வரும் வேடப் பிள்ளைகளில் முதலில் வந்தது விண்வெளி வீரர் உடுப்பில் ஒரு சின்னப் பெண். படிக்கு முன்னால் குனிந்து, ஒரு கண்ணையும் மற்றக் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு நிமிர்ந்து, “இது முழுக்க நீங்களா செய்தது?” என்று பிரெஞ்சில் கேட்டது.

“ஓம்” என்றாள் பிரியந்தி. பிள்ளைக்கு விளங்கவில்லை. “உவி, முழுக்க நான்தான்” என்று அதன் மொழியிலேயே சொன்னாள்.

பையில் ஒரு சொக்லேட் போட்டாள். பிள்ளை திரும்புமுன், கேளாமலே இன்னொன்றும் போட்டாள்.