பிரேக் லைட் எரியவில்லை

நிகழ்ச்சிகளைப் பார்த்தவர்கள் எழுதுவதையெல்லாம் படிப்பதுதான் அப்போது என் வேலை. டிவி சேனலின் மூன்றாவது மாடியில், ஜன்னல் திறக்காத ஓர் அறையில், எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து படிப்போம். பாராட்டு என்றால் ஒரு பொத்தான், குறை என்றால் ஒரு பொத்தான், கெட்ட வார்த்தை என்றால் 'நீக்கு'. "ஊரே துப்புது, நீ துடைக்கிற" என்பாள் அண்ணி. அவள் சொன்னதில் தப்பில்லை.

வண்டி நிகழ்ச்சி வந்த பிறகு துடைத்து மாளவில்லை.

அது ஒரு வெளிநாட்டு நிகழ்ச்சியைப் பார்த்து எடுத்தது. மூன்று ஆண்கள், பழைய கார்கள், வாய்ச்சண்டை, பந்தயம். அசலை என் அண்ணன் பத்து வருஷமாகப் பார்க்கிறான். அவன் கார் மெக்கானிக். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சொந்தமாக ஷெட் வைத்திருக்கிறான். அவர்கள் பேசுவதில் பாதி அவனுக்குப் புரியாது. ஆனாலும் நெட்டை, சுருட்டை, தூங்குமூஞ்சி என்று மூவருக்கும் பேர் வைத்து, சொந்தக்காரர்களைப் போலத்தான் பேசுவான். சுருட்டை மேட்டில் தப்பான கியரில் ஏறினால், "கிளட்ச் போச்சுடா மடையா" என்று இங்கிருந்தே திட்டுவான்.

நம் ஊர் மூவரும் அந்த மூவரைப் போலவே வந்து உட்கார்ந்தார்கள். அதே தோல் சோபா, அதே மேசை. உயரத்துக்காக ஒரு நெட்டையைக்கூடத் தேடிப் பிடித்திருந்தார்கள். ஜோக்குகளையும் அப்படியே இறக்கியிருந்தார்கள். பனியே விழாத ஊரில் நின்றுகொண்டு, பனியில் வண்டி வழுக்குவதைப் பற்றி மூவரும் மாற்றி மாற்றிச் சிரித்தார்கள்.

மறுநாள் வந்து குவிந்ததை மறக்க முடியாது. "புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிச்சு. பூனைக்காவது வலிச்சிருக்கும்" என்று ஒருவர். "லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட மூணு பேர் மாதிரி பேசிக்கிறாங்க" என்று இன்னொருவர். "நானும் என் மாமியாரும் ஒத்துப்போன முதல் விஷயம், நேத்து டிவியை அணைச்சதுதான்" என்று ஓர் அம்மா. படித்துப் படித்துச் சிரித்தேன். அந்த வேலையில் நான் சிரித்த ஒரே வாரம் அது.

எங்கள் பிரிவுக்கு ஒரு மேலாளர் இருந்தார். எதைச் சொன்னாலும் "பரவால்ல" என்பார். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பேரே பரவால்ல சார்.

"எல்லாரும் காறித் துப்புறாங்க சார்" என்றேன்.

"பரவால்லம்மா. துப்பணும்னாலும் பாத்துட்டுத்தான துப்பணும்."

மூன்றாம் பாகத்துக்கு ஒரு மெக்கானிக் வேண்டும் என்றார்கள். மூவரும் ஆளுக்கொரு பழைய கார் வாங்கி, சரிபார்த்து, மலைச்சரிவில் இறக்கி ஓட்டுவதாகத் திட்டம். வேலியில் போன ஓணானைப் பிடித்து அண்ணன் மடியில் விட்டது நான்தான்.

அவன் முதலில் மறுத்தான். "மொத பாகம் பாத்ததுக்கே எனக்குக் குமட்டிக்கிட்டு வருது பாப்பா. ஸ்பேனரை முள்கரண்டி மாதிரி பிடிக்கிறானுங்க." பிறகு வண்டி என்ன வண்டி என்று கேட்டான். சொன்னேன். அவன் தொழில் பழகிய காலத்து நீல நிறக் கார். கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தான். "சரி, வரச் சொல்லு. அந்த நிகழ்ச்சியில ஒண்ணாவது நிஜமா இருக்கட்டும்" என்றான்.

இரண்டு நாள் வேலை பார்த்தான். பிரேக் சிலிண்டரை மாற்றினான். துருப்பிடித்த குழாய்களைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டான். அண்ணியை உள்ளே உட்காரவைத்துப் பெடலை மிதிக்கச் சொல்லி, நாலு சக்கரத்திலும் காற்றுக்குமிழி போகும்வரை எண்ணெய் இறக்கினான். இரண்டாம் நாள் நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு நின்றவனிடம் இயக்குநர் வந்தார்.

"அண்ணே, ஒரு சின்ன உதவி. வண்டி இறங்கும்போது பிரேக் பிடிக்காத மாதிரி ஏதாவது பண்ணி விட முடியுமா? சரிவுக்குக் கீழ காலி பீப்பாய் அடுக்கி வெச்சிருக்கோம். யாருக்கும் அடிபடாது."

"ஓடுற வண்டியில பிரேக்கைக் கெடுத்து அனுப்ப மாட்டேன் சார்."

"சும்மா ஒரு காமெடிக்குண்ணே."

"காமெடிக்கு வேற ஏதாச்சும் பாருங்க."

இயக்குநர் முகம் சுளிக்கவில்லை. அண்ணன் தோளைத் தட்டி, "நீங்க சொன்னா சரி" என்றார். "அப்ப கேமராவைப் பாத்து, வண்டி எப்படி இருக்குன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க." அண்ணன் சட்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னான்: "பயப்படாம போங்க சார். பெடலை லேசா தொட்டாப் போதும், நிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒளிபரப்பானது. ஷெட்டிலேயே டிவியை வைத்து, பக்கத்து டயர் கடைக்காரர் குடும்பம், வழக்கமாக வண்டி விடுகிறவர்கள் என்று பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். அண்ணி நாற்காலி போதாமல் டயர்களைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள்.

அண்ணன் இரண்டு நாள் பார்த்த வேலையில் ஒரு நொடிகூட வரவில்லை. அவன் முகம் வந்தது. "பெடலை லேசா தொட்டாப் போதும், நிக்கும்." அடுத்த நொடி நீலக் கார் சரிவில் பாய்ந்து பீப்பாய்களில் மோதியது. மறுபடி அண்ணன் முகம், மறுபடி மோதல். மூன்றாவது தடவை வாத்துச் சத்தம் சேர்த்திருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில் 'மெக்கானிக் கைவண்ணம்'. வண்டியிலிருந்து இறங்கிய, மூவரில் ஒருவரான காமெடி நடிகர் தூசியைத் தட்டிக்கொண்டு, "இவர் கையால ஒரு டீ கொடுத்தாக்கூடக் குடிக்க மாட்டேன்" என்றார்.

டயர் கடைக்காரரின் மகள் சிரித்துவிட்டாள். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும். அவள் அம்மா தொடையில் கிள்ளினாள். அண்ணன் எழுந்துபோய், ஜாக்கியில் தூக்கி நிறுத்தியிருந்த ஒரு வண்டிக்கு அடியில் எதையோ பார்க்கிறவன்போலக் குனிந்துகொண்டான். "டிவியில எதை நம்ப முடியுது" என்றார் டயர் கடைக்காரர், யார் முகத்தையும் பார்க்காமல்.

திங்கட்கிழமை காலையில் என் திரையில் அண்ணன்தான் நிறைந்திருந்தான். "இவன் கையை உடைக்கணும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கைக்குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. "ஷெட் எங்கன்னு சொல்லுங்க, செருப்போட வர்றோம்." "தொழில் தெரியாதவனுக்கு எதுக்கு வாய்?" எல்லாவற்றையும் நீக்கினேன். ஒரு பெண் எழுதியதை மட்டும் எந்தப் பொத்தானையும் அழுத்த முடியாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். "இந்த மாதிரி ஒருத்தர் பிரேக் பார்த்துக் கொடுத்த வண்டியிலதான் எங்க சித்தப்பா செத்துப்போனார். இதுல சிரிக்க என்ன இருக்கு?" கெட்ட வார்த்தை இல்லை. பொய்யும் இல்லை. அந்தப் பெண்ணின் துக்கம் போய் இறங்கிய இடம்தான் தப்பு.

மேலாளரிடம் போனேன். "அது என் அண்ணன்னு உங்களுக்குத் தெரியும். பிரேக்கைக் கெடுக்க மாட்டேன்னு சொன்னதுக்கு இப்படிப் பண்ணியிருக்காங்க."

"அவர்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்காங்கம்மா. எப்படி வேணாலும் வெட்டி ஒட்டிக்கலாம்னு அதுல இருக்கு. பரவால்ல, ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

இரண்டு நாளில், ஒன்பது வருஷமாக அண்ணனிடம் வண்டி விடுகிற டாக்டரம்மாவின் டிரைவர் வந்து நின்றார். வண்டியின் ஒரு சக்கரம் கழற்றிக் கிடந்தது. "அம்மா எடுத்துட்டு வரச் சொன்னாங்க. வேற எடத்துல காட்டிக்கிறாங்களாம்." அண்ணன் சக்கரத்தை மாட்டி, நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கி, சாவியைக் கொடுத்தான். அன்று இரவு அண்ணி ஃபோனில் இதைச் சொல்லிவிட்டு, "உன்கிட்டப் பேசறீங்களான்னு கேட்டேன். வேணாம்னுட்டார்" என்றாள். என் மேலும் அவனுக்குக் குமட்டல்தான். நியாயம்தானே.

வியாழக்கிழமை, ஆயிரத்துக்கு நடுவில் ஒன்று வந்தது. "நான் ஸ்கூல் வேன் ஓட்டுறேன். பதினெட்டாவது நிமிஷத்துல வண்டியோட பின்பக்கத்தைப் பாருங்க. மோதுற வரைக்கும் பிரேக் லைட் எரியவே இல்ல. இந்த வண்டியில லைட்டுக்கு சுவிட்ச் பெடல்லயே இருக்கு. பிரேக் பிடிக்குதோ இல்லையோ, மிதிச்சா லைட் எரியும். ஓட்டினவர் மிதிக்கவே இல்ல. மெக்கானிக்கைத் திட்டாதீங்க."

பதினொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். சரிவின் தொடக்கத்தில் கேமராவுக்காக ஒரு கணம் நிற்கும்போது இரண்டு விளக்கும் சிவப்பாக எரிந்தன. இறங்கத் தொடங்கியதும் அணைந்தன. அதன் பிறகு பீப்பாய்வரை எரியவே இல்லை. வேண்டுமென்றே போய் மோதியிருக்கிறார். பிரேக் நன்றாக இருந்த வண்டியில்.

மேலாளரைக் கூட்டிவந்து காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். மறுபடி ஓட்டச் சொன்னார்.

"இதை எடுத்துடும்மா" என்றார்.

"எதுக்கு சார்? கெட்ட வார்த்தை இல்லையே."

"எடுத்துடு."

எடுக்கவில்லை. எல்லாருக்கும் முதலில் தெரியும்படி ஒன்றை உச்சியில் நிறுத்திவைக்க எங்களுக்கு வசதி உண்டு. ரசிகர்களின் வாழ்த்துகளை வைக்க அது. வேன் டிரைவர் எழுதியதை அங்கே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வருவதற்குள் அது பார்த்தவர்கள் கைமாறிக் கைமாறி எங்கேயோ போய்விட்டது. அந்தப் பதினெட்டாவது நிமிஷத்தை மட்டும் வெட்டி, சிவப்பு வட்டம் போட்டு, தெரு தெருவாகச் சுற்றவிட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை என் திரை திரும்பிப் படுத்திருந்தது. அண்ணன் உத்தமன், தொழில் தெய்வம். நடிகர் கொலைகாரன். எனக்கு முதலில் நெஞ்சு குளிர்ந்தது உண்மை. பிறகு ஒவ்வொன்றாகப் படித்தேன். நடிகரின் மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்னொருவர் பதிலும் சொல்லியிருந்தார். அதற்குக் கீழே, "இவன் கையை உடைக்கணும்." பக்கத்தில் அதே கைக்குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

பள்ளிப் பேரை எழுதியதையும் கையை உடைக்கச் சொன்னதையும் நீக்கினேன். அதே மாதிரி இன்னும் நாற்பது இருந்தன, அவற்றையும் நீக்கினேன். மத்தியானம் மேலாளர் கூப்பிட்டு, "ஒரு வாரம் வீட்ல இருங்க. மேல கொஞ்சம் சூடா இருக்காங்க, ஆறினதும் வாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பிறகு போகவே இல்லை.

சேனல் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த மூன்றாம் பாகத்தை எடுத்துவிட்டு, அண்ணனும் மோதலும் இல்லாத வேறொன்றைப் போட்டார்கள். நிகழ்ச்சி நிற்கவும் இல்லை.

வேலையை விட்டதைச் சொல்ல ஷெட்டுக்குப் போனேன். ஜனங்கள் இப்போது அவன் பக்கம் என்றும் சொன்னேன்.

"திட்டினவங்க வேற, தூக்கி வெச்சிக்கிறவங்க வேறயா?" என்று கேட்டான்.

"அதே ஆளுங்கதான்."

"அப்ப அதை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்ண?" என்று சொல்லிவிட்டு, சுவரோரம் இருந்த ஸ்டூலை என் பக்கம் காலால் தள்ளினான். உட்கார்ந்தேன். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

டாக்டரம்மாவின் வண்டி திரும்பி வந்தது. சரிசெய்து கொடுத்தான். ஆனால் அன்றிலிருந்து ஒரு புதுப் பழக்கம். யார் வண்டி எடுக்க வந்தாலும், அவர்களையே உள்ளே உட்காரவைத்து, தெருமுனைவரை ஓட்டி, பிரேக்கைத் தாங்களே மிதித்துப் பார்க்கச் சொல்வான். சிலர் கூச்சப்பட்டார்கள். டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டு ஓட்டிப் பார்த்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மஞ்சள் வேன் வந்து நின்றது. குள்ளமாக, காதோரம் நரைத்த ஓர் ஆள் இறங்கினார். "லைட் எரியலைன்னு எழுதினது நான்தாண்ணே" என்றார். அண்ணன் நன்றி எல்லாம் சொல்லவில்லை. வேனுக்கு என்ன என்று கேட்டான். பின் சக்கரத்தில் கிறீச்சிடுகிறதாம். இருவரும் அடியில் படுத்து அரைமணி நேரம் பேசினார்கள். டீ குடிக்கும்போது அண்ணன், "அசல் நிகழ்ச்சி அப்படி இல்ல. அதைப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டான்.

"பாத்திருக்கேண்ணே. அதுவும் இதே குப்பைதான். என்ன, நல்ல கவர்ல போட்டுத் தருவாங்க."

அண்ணனுக்குச் சுருக்கென்றது. முகத்தில் தெரிந்தது. சண்டைக்குப் போவான் என்று நினைத்தேன். போகவில்லை.

அந்த வாரம் ஒரு நாள் மாலை, அசலில் அவனுக்கு ரொம்பப் பிடித்த ஒரு பாகத்தைப் போட்டுவைத்து உட்கார்ந்திருந்தான். பாலைவனத்தில் சுருட்டையின் வண்டி நின்றுபோகும். வழியில் ஒரு மெக்கானிக் ஏதோ செய்து அனுப்புவார். நூறு அடி போவதற்குள் சக்கரம் கழன்று உருளும். வீட்டில் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்த பாகம். அண்ணன் அந்த மெக்கானிக் வரும் இடத்தில் நிறுத்தினான். கையெல்லாம் கிரீஸ், அழுக்கு பனியன், மூன்று நொடிகூட இருக்காது. கேமராவைப் பார்த்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பாஷை எங்களுக்குத் தெரியாது.

"என்ன சொல்றார்?" என்று கேட்டான் அண்ணன்.

"தெரியலையே."

"எத்தனை தடவை சிரிச்சிருப்போம் இந்த ஆளைப் பாத்து."

அவன் முன்னும் பின்னும் நாலைந்து தடவை ஓட்டி, அந்த ஆள் சக்கரத்தின் நட்டை இறுக்கினாரா என்று தேடினான். அதை அவர்கள் காட்டியிருக்கவில்லை. ரிமோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, "வேற ஏதாச்சும் போடு" என்று சொல்லிக் கை கழுவப் போனான்.