முந்நூறு மீட்டர் ஒயர்

கமேடா மேஸ்திரி மஞ்சள் ஒயர்ச் சுருளை மேசைமேல் வைத்துவிட்டு, பிறந்தநாள் பரிசு கொண்டுவந்தவர் மாதிரிச் சிரித்தார்.

"முந்நூறு மீட்டரும்மா. இனிமே நீங்க சேத்துல கால் வெக்கவே வேணாம். இங்கயே ஸ்டவ் பக்கத்துல உக்காந்து பாத்துக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேற்றில் கால் வைக்க மாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன்?

சுரங்கத்தில் வெடி வைத்துக் குடைந்ததும் எதிரே நிற்கும் பாறையைக் காமிரா படம் பிடிக்கும். விரிசல்களைக் கணினி கோடு கோடாகக் காட்டும். அதைப் பார்த்து, 'இதனடியில் ஆட்கள் வேலை செய்யலாம்' என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. பழைய ஒயர் ஐந்து மீட்டரைத் தாண்டினால் படம் அறுந்து அறுந்து வரும். அதனால் கணினி பாறைக்குப் பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும், கணினி இருக்கும் இடத்தில் நானும். மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் சிக்கலே அதுதான். மலைக்குள் இருக்கும் தெய்வம் மலையம்மா ஒரு பெண்ணாம். இன்னொரு பெண் உள்ளே வந்தால் பொறாமையில் மலையையே இடித்துத் தள்ளுவாளாம். என்னைப் போன்றவர்கள் சுரங்கத்துக்குள் போகலாம் என்று சட்டம் மாறி எத்தனையோ வருஷமாயிற்று. மேஸ்திரி சட்டத்தோடு சண்டை போடவில்லை. ஒயரை நீட்டிவிட்டார்.

இரண்டு சின்னப் பெட்டிகள். ஒன்று காமிராவில், மற்றது கணினியில், நடுவே கண்ணாடி இழை ஓடும் அந்த ஒயர். என்னோடு வேலை செய்யும் தொகாஷி காமிராவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில், வெளியே தகரக் கொட்டகையில், என் எதிரே திரையில் பாறை தெரிந்தது. சொல்லக் கூடாதுதான், படம் அற்புதமாக வந்தது. ஆட்கள் கை தட்டினார்கள். யாரோ சூடான காப்பி டின் ஒன்றை என் கையில் திணித்தார்கள்.

"திருப்தியா? கையெழுத்தப் போடுங்கம்மா."

இடது ஓரத்தில், இரண்டு விரிசல்களுக்கு நடுவே, ஈரமாக ஒரு திட்டு இருந்தது. பின்னால் பாறை கெட்டியா, பொக்கையா என்று படம் சொல்லாது.

"இங்க சுத்தியால தட்டிப் பாக்கணும், மேஸ்திரி."

"தொகாஷி தட்டுவான். நீங்க வாக்கி டாக்கியில கேளுங்க."

தொகாஷி தட்டினான். வாக்கி டாக்கியில் கெட்டிப் பாறையும் ஈரத் திட்டும் ஒரே மாதிரி தகர டப்பா போலக் கேட்டன. "இன்னொரு தடவ தட்டவா அக்கா?" என்றான். ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. பாறைக்கு அடியில் இவர்கள் உயிர், தாளில் என் பெயர், நான் மட்டும் வெளியே காப்பியும் கையுமாக. டின்னை வைத்துவிட்டுத் தலைக்கவசத்தையும் சுத்தியலையும் எடுத்தேன்.

மேஸ்திரி வாசலை மறித்தார். இப்போது சிரிப்பு இல்லை.

"சொன்னா கேளுங்கம்மா. பசங்க பயப்படுறாங்க. ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா நானும் உள்ளதானே இருப்பேன்? நீங்கதான் வெளிய இருப்பீங்க."

"மலையம்மாவுக்குக் கோவம் வரும்."

"அவங்ககிட்ட நான் பேசிக்கறேன். இத்தன வருஷமா ஆம்பளைங்க மூஞ்சியவே பாத்து அவங்களுக்கும் அலுத்திருக்கும்."

அவர் வழி விட்டாரா, நான் இடித்துக்கொண்டு போனேனா, தெரியாது. சுரங்க வாயிலில் இருந்த சின்னக் கோயிலுக்கு முன்னால், அவர்கள் வைத்திருந்த சாகே மது பாட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, குனிந்து வணங்கினேன். பிறகு மஞ்சள் ஒயர் போன வழியே நடந்தேன். பூட்ஸ் முட்டிவரை சேற்றில் புதைந்தது. பின்னால் மண் அள்ளும் வண்டியின் சத்தம் நின்றுபோயிருந்தது. ஒருத்தரும் கூட வரவில்லை. பயமாகத்தான் இருந்தது, ஆனால் மலையம்மாவை நினைத்து அல்ல.

தொகாஷி என்னைப் பார்த்ததும் ஒதுங்கினான். காமிராவின் கண்ணாடியில் தூசி படிந்திருந்தது. கிட்டே போய்க் கைக்குட்டையால் துடைத்தேன். கொட்டகையில் என் மூக்கு மட்டுமே திரை முழுக்கத் தெரிந்திருக்கும். ஸ்டவ் பக்கத்து நாற்காலியில் இப்போது யார் என்று எனக்குத் தெரியும்.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"தெரியுதா, மேஸ்திரி?"

அவர் குரல் வந்தது. "தெரியுது."

அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஈரத் திட்டுக்கு நேராகச் சுத்தியலை ஓங்கினேன்.