சூடு போகும் இடம்

1933 சித்திரை முதல் வக்கீல் சுப்புராயனின் சிவப்பு ரேஸ் கார் சூட்டோடு நின்றால், பக்கத்தில் யாருக்காவது காய்ச்சல் கண்ட பிறகுதான் மறுபடி கிளம்பியது. ஆறின இன்ஜின் முதல் இழுப்பிலேயே உறுமும். சூட்டோடு நின்றால்தான் கோளாறு. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் அரை மணி நேரம் அடம்பிடித்தது. எதிர்வீட்டுக் காமாக்ஷிக்கு உடம்பு கொதித்ததும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கிளம்பிப் போனது. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்ற தேவானைக்குக் கண்டது. அடையாற்றில் தோட்டக்காரர் பஞ்சாட்சரத்துக்கு. அவர் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். கோடையில் காய்ச்சல் என்றால் ஆத்தாள் வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, அந்தப் பக்கம் யாரும் போகாமல் இருப்பதுதான் வழக்கம். அதனால் கார் நின்ற இடங்களை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. வேப்பிலைக்கு மட்டும் கிராக்கி ஏறியது.

சேர்த்துப் பார்த்தவர் ராயப்பேட்டை மெக்கானிக் ஹபீபுர் ரஹ்மான். முதலில் அவரும் தொழில் புத்தியோடுதான் யோசித்தார். பெட்ரோல் குழாய் புகைக்குழாயை ஒட்டிப் போகிறது. கார் நின்றதும் உள்ளே பெட்ரோல் கொதித்து ஆவியாகி வழியை அடைக்கிறது. குழாயை விலக்கி வளைத்தார், ஈரச் சாக்கு சுற்றினார். சாக்கு காய்ந்ததே தவிர கார் அசையவில்லை. பிறகு கார் நின்ற தெருக்களுக்கெல்லாம் நடந்தே போய் விசாரித்துவிட்டு வந்து வக்கீலிடம் சொன்னார்.

"சாமி, இன்ஜின் சூடு எங்கனாச்சும் போயாவணும். ஆளுங்க மேல போய்க்கினு கீது. வண்டிய எடுக்காதீங்க."

"பாய், வண்டிக்கு ஜுரம்னா நீ பாரு. மனுஷாளுக்கு ஜுரம்னா டாக்டர் இருக்கார்" என்றார் வக்கீல். படித்த மனிதருக்கு வாதம் ஜெயித்தால் போதும்.

ஆனி மாதம் ஒரு மத்தியானம் அவர் கொதிக்கும் காரை ரஹ்மானின் பட்டறை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். பட்டறையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ரஹ்மானின் வீடு. உள்ளே மனைவி கைசர் ஜஹான், ஏழு மாத கர்ப்பிணி. ரஹ்மான் காரை அப்பால் தள்ளப் பார்த்தார். கோர்ட்டுக்கு நாழியாகிறது என்று வக்கீல் ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டே இருந்தார். உள்ளிருந்து குரல் வந்தது.

"இன்னாங்க, உடம்பெல்லாம் காந்துதுங்க."

ரஹ்மானுக்கு அப்போது வந்த பயம் அதற்கு முன்னும் பின்னும் வராத பயம். மூடியைத் திறந்து இன்ஜினை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்தார். தோல் வேகவில்லை, கொப்புளமும் இல்லை. சூடு மட்டும் மளமளவென்று ஏறி அவருக்குள் வந்து உட்கார்ந்தது. கார் கிளம்பியது. கைசர் ஜஹானுக்கு உடம்பு குளிர்ந்தது. "பார்த்தியா, சரியாயிடுத்து" என்று வக்கீல் போய்விட்டார்.

அதன்பின் கார் ஒருநாளும் அடம்பிடிக்கவில்லை, ஊரில் யாருக்கும் அப்படிக் காய்ச்சலும் காணவில்லை. கார் எங்கே சூட்டோடு நின்றாலும் ராயப்பேட்டையில் ரஹ்மானுக்கு ஏறியது. மழையில் நடந்தால் அவர் மேல் ஆவி பறக்கும். ஐப்பசியில் தெருக்காரர்கள் அவர் உட்காரும் இடத்தைச் சுற்றிக் கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள். மகள் ஜஹீதா பிறந்தபோது தொட முடியாமல் அழுதார். காருக்கு உதவாத அந்தச் சாக்கைத்தான் கைசர் ஜஹான் நனைத்து, அவர் கைகளில் சுற்றி, குழந்தையைக் கொடுத்தாள். சாக்கு காய்வதற்குள் வாங்கிவிட வேண்டும். முதல் வருடம் குழந்தை தூங்கும்வரை ஈரம் நின்றது. நாலாம் வருடம் ஒரு முத்தத்துக்கு. 1939-ல் ஜஹீதா ஓடி வந்து ஈரச் சாக்கு சுற்றிய கைகளில் ஏறி, ஆவி கிளம்பியதும் தானாகவே இறங்கிவிடுவாள். எல்லார் வீட்டு அத்தாவும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள்.